நடக்காததற்குச் சொன்ன சாட்சி

கேட்டது கிடைக்காதவர்களுக்கும் ஆண்டவர் சந்தோஷம் தருவாரா?

பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நான் சுற்றிக்கொண்டிருந்த சமயத்தில் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். "தருவார்" என்று சொல்ல வாய் வரை வந்தது. "எப்படி?" என்று அடுத்துக் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு அவர் கேட்டால், அல்லேலூயா அக்காவின் கதையைச் சொல்வேன்.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நீளமான அறை அது. மேல்மாடி வார்டுகளிலிருந்து அழுக்குப் பெட்ஷீட்டுகள் மூட்டை மூட்டையாக இறங்கும். ரத்தம், மருந்து, வாந்தி, எல்லாம் அதில் இருக்கும். வெந்நீரில் சுழன்று, பிழிந்து, கடைசியில் சூடான ரோலர் மெஷினுக்குள் புகுந்து அப்பளம் மாதிரி தட்டையாக வெளியே வரும். அதை வாங்கி மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று மூலைகளைப் பிடித்து உதற வேண்டும்; பாதியாக மடித்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து மூலையைக் கைமாற்ற வேண்டும்; பின்னால் போய், திரும்பவும் வர வேண்டும். நாள் முழுக்க முகத்துக்கு நேரே முகம். அந்த வேலையில் யாரும் யாரிடமும் துக்கத்தை மறைக்க முடியாது.

அவளுக்கு எதிரே நிற்பவளுக்குக் கத்தரி என்று பெயர். நாக்குதான் காரணம். கத்தரிக்குச் சாமி, சபை எதுவும் கிடையாது. "எனக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. அவர் முதல்ல வந்து பேசட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பாள். மெஷின் சத்தத்துக்கு மேல் எதிரே நிற்பவள் பாட்டு முணுமுணுப்பதைக் கேட்டு, அல்லேலூயா என்று பெயர் வைத்தவளும் இவள்தான். கேலியாக வைத்த பெயர், வார்டு நர்ஸ்கள் வரைக்கும் போய், மரியாதையாகத் திரும்பி வந்தது.

அல்லேலூயா அக்காவின் வீட்டுக்காரர் பெயிண்டர். பிள்ளைகள் இல்லை. ஒரு அறை, ஒரு சமையலறை, வாசலில் ஒரு குழாய், இதுதான் வீடு. மனிதருக்கு வெள்ளை நிறத்தின் மேல் ஒரு பித்து. பால் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, முட்டை ஓட்டு வெள்ளை என்று பிரித்துச் சொல்வார். "வெள்ளையில கூடவா ஐயா ரகம்?" என்று கேட்கிறவர்களிடம், "மனுஷங்க எல்லாரும் மனுஷங்கதான், உங்க மாமியாரும் உங்க அம்மாவும் ஒண்ணா?" என்பார்.

அந்த மனிதர் ஒரு நாள் பட்டி பார்த்து வழவழவென்று வைத்திருந்த சுவரில் ஒரு ஆள் அகலத்துக்குப் பெயிண்ட் அடிக்காமல் விட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். அந்த வீட்டின் சொந்தக்காரர் சுட்டிக் காட்டினார். இவருக்கு அது தெரியவில்லை. கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டே வந்திருக்கிறது என்றார். "போனது வராது. இருக்கிறதை எவ்வளவு காப்பாத்த முடியுமோ பாக்கலாம். ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க."

அதன் பிறகு பார்வை வெறும் நிழலாகச் சுருங்க, ஊரார் சுவருக்கெல்லாம் நிறம் கொடுத்தவர் தன் வீட்டுச் சுவரைக் கையால் தடவித் தடவி நடந்தார். குழாய்க்குப் போகும் வழியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு அழுக்குக் கோடு விழுந்தது. அல்லேலூயா அக்கா அதைத் துடைக்கவில்லை. துடைத்தால் அவர் எங்கே கைவைத்து நடப்பார் என்று அவளுக்கு ஒரு பைத்தியக்கார எண்ணம்.

அவர்கள் போகும் சபை ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஹால். ஜெபிக்கும்போது கீழேயிருந்து ரப்பர் வாசனை வரும். திடீரென்று காற்றடிக்கும் மெஷின் ஓடும். பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவராக மைக்கில் சொல்வார்கள். அந்தச் சபையில் முன்சாட்சி என்றும் ஒரு வழக்கம் இருந்தது. கேட்டது கிடைப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது என்று எழுந்து சொல்ல வேண்டும். அதுதான் உண்மையான விசுவாசம் என்று நினைத்தார்கள். வேலை இல்லாதவர் வேலை கிடைத்தது என்பார், எல்லோரும் கைதட்டுவார்கள். சிலருக்குக் கிடைக்கவும் செய்தது. கிடைக்காதவர்கள் அந்தப் பேச்சை மறுபடி எடுப்பதில்லை. மற்றவர்களும் நாகரிகமாகக் கேட்பதில்லை.

ஒரு ஞாயிறு, பாஸ்டர் அவளைப் பார்த்து, "அக்கா, இன்னும் எவ்வளவு நாள் அழுதுக்கிட்டே கேப்பீங்க? நன்றி சொல்லிக் கேளுங்க" என்றார். நல்ல மனிதர், இளவயது. மனதில் கள்ளம் கிடையாது. அவளும் எழுந்தாள். மைக்கைப் பிடித்து, "என் வீட்டுக்காரருக்குப் பார்வை வந்துடுச்சு. ஆண்டவருக்கு நன்றி" என்றாள்.

ஹால் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் பாஸ்டருக்கு அது முன்சாட்சியா, நடந்த சாட்சியா என்று குழம்பிவிட்டது போலும். மேடையை விட்டு இறங்கி வந்து பெயிண்டருக்கு முன்னால் நின்றார். "அண்ணா! என் சட்டை என்ன கலர்?"

பெயிண்டர் முகத்தைத் தூக்கினார்.

"வெள்ளை" என்றார். அதோடு விடவில்லை. "துவைச்சுத் துவைச்சுக் கொஞ்சம் பழுப்பு ஏறின வெள்ளை."

அன்றைக்கு அங்கே எழுந்த சத்தத்தில் டயர் கடைக்காரரே மேலே வந்து எட்டிப் பார்த்தார். ஜனங்கள் அழுதார்கள், குதித்தார்கள். அல்லேலூயா அக்கா மண்டியிட்டுவிட்டாள். நடந்தேவிட்டது என்று அவளும் நம்பினாள். அவளுடைய வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷம் அது. ஹாலின் கதவு வரைக்கும் அது இருந்தது.

கதவுக்கு வெளியே மாடிப்படி. எல்லோரும் முன்னால் இறங்கிப் போன பிறகு பெயிண்டர் அவள் தோளில் கைவைத்தார், எப்போதும் வைப்பது போல. காதருகே குனிந்து, "முதல் படி எங்க இருக்கு, சொல்லு" என்றார்.

அவள் திரும்பினாள். "அப்போ சட்டை?"

"அவர் வேற கலர் போட்டு நீ பாத்திருக்கியா?" என்றார். பிறகு மெதுவாக, "அத்தனை பேர் முன்னாடி உன்னைப் பொய்க்காரியா விட முடியுமா என்னால?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்பார்கள். அவர்கள் இருவருக்கும் அப்படித்தான் ஆனது. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் கைத்தடி இல்லாமல் வர வேண்டியிருந்தது. அவள் கணவனோடு கைகோத்து நடக்கும் புதுப்பெண் மாதிரி ஒட்டிக்கொண்டு நடந்தாள். "பாரேன், பார்வை வந்ததும் என்ன பாசம்!" என்று பெண்கள் சிரித்தார்கள். நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "அக்கா, ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். அவள் கண்ணை மூடி வாயை அசைத்தாள். உள்ளே வார்த்தை எதுவும் இல்லை. வீட்டில் தனியாக மண்டியிட்டாலும் அப்படித்தான். பொய் சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? பார்க்கப் பயந்து ஆண்டவர் பக்கமே திரும்பாமல் இருந்தாள்.

சலவைக்கூடத்தில் முணுமுணுப்பு நின்றுபோனது.

"என்ன அல்லேலூயா, ரேடியோ ரிப்பேரா?" என்றாள் கத்தரி. "உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு வந்துடுச்சுன்னு மேல வார்டுல எல்லாம் பேச்சு. கண்ணு வந்த வீட்டுக்காரி மூஞ்சி மாதிரியா இருக்கு இது?"

"தலைவலி."

"எந்தத் தலைவலி இப்படி மாசக்கணக்கா இருக்கு? சரி, சொல்லாத. பெட்ஷீட்டை நேராப் பிடி."

இப்படியே போயிருக்கலாம். ஆனால் ஒரு மாலை பேக்கரிக்காரி வீட்டுக்கு வந்தாள். தெருமுனை பேக்கரியில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ரொட்டி வெட்டித் தருகிறவள். சபைக்குப் புதிது. புருஷன் விட்டுவிட்டுப் போனவன். கூடவே அவள் மகள், குட்டி என்று கூப்பிடுவார்கள், பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சேர்ந்தவள். குட்டிக்குப் பிறவியிலேயே கண்ணில் அதே அழுத்தம். தினமும் சொட்டு மருந்து போட வேண்டும். எரியும்; அலறுவாள்; பிடித்து அமுக்கித்தான் போடுவார்கள்.

பேக்கரிக்காரி ஒரு பையில் பன் கொண்டுவந்திருந்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"அக்கா, உங்ககிட்ட சொல்லணும்னே வந்தேன். உங்க சாட்சியைக் கேட்ட அன்னிக்கே இவளுக்குச் சொட்டு மருந்தை நிறுத்திட்டேன்."

அல்லேலூயா அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "நிறுத்திட்டியா? எதுக்கும்மா நிறுத்தினே? ஜெபமும் பண்ணு, மருந்தையும் போடு…"

"அப்புறம் என்னக்கா விசுவாசம்? அண்ணாவுக்கு நீங்க மருந்து போட்டா சரியாச்சு?"

குட்டி பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து, மூலையில் உட்கார்ந்திருந்த பெயிண்டர் முன்னால் நீட்டினாள். "மாமா, இந்தாங்க." அவர் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. அல்லேலூயா அக்கா பாய்ந்து போய்ப் பன்னை வாங்கி அவர் கையில் திணித்தாள். பேக்கரிக்காரி கவனிக்கவில்லை. குழந்தை கவனித்தது. தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, அவரை வெகு நேரம் பார்த்தது.

அவர்கள் போன பிறகும் வீட்டில் யாரும் விளக்குப் போடவில்லை. ஒருவருக்கு அது தேவையில்லை; மற்றவளுக்கு அந்த நினைவே இல்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றார் பெயிண்டர்.

"நீங்களும்தான் வாயத் திறக்கலை."

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

"நான் சொன்னா உங்களைத்தானே காறித் துப்புவாங்க?"

"துப்பினா என்ன, எந்தப் பக்கம் துப்புறாங்கன்னு எனக்குத் தெரியவா போகுது?" என்றார். சிரிப்பு வரவில்லை, இருவருக்கும்.

மறுநாள் ரோலர் மெஷின் முன்னால் நிற்கும்போது அவளுக்கு அடக்க முடியவில்லை. மூலையைக் கைமாற்ற நெருங்கி வரும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வாக்கியமாகக் கத்தரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கத்தரி கேலி செய்யவில்லை. மடித்ததை அடுக்கில் வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

"கண்ணு கெட்ட பின்னாடி சூரிய நமஸ்காரம்னு கேட்டிருக்கல்ல? உங்க வீட்டுக்காரருக்குக் கெட்டுப்போச்சு. அந்தப் புள்ளைக்கு இன்னும் கெடலை. இங்க நின்னு என்ன மடிச்சுக்கிட்டிருக்கே? ஓடு!"

ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் போனாள். பேக்கரியில் கூட்டம். ரொட்டி வெட்டும் மெஷின் முன்னாலேயே நின்று சொன்னாள், "அவருக்குக் கண்ணு தெரியாதும்மா. நான் சொன்னது பொய். மருந்தைப் போடு."

பேக்கரிக்காரி நம்பவில்லை என்பதுதான் கொடுமை. "பாஸ்டர் சட்டை கலரைச் சரியாச் சொன்னாரே, நான் என் கண்ணால பாத்தேனே" என்றாள். பிறகு அவள் குரல் இரங்கியது. "உங்க விசுவாசம் கொஞ்சம் ஆடிப்போச்சு போலக்கா. பயப்படாதீங்க. நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன்."

பொய்க்கு இருந்த பலம் உண்மைக்கு இல்லை. மைக்கில் சொன்னதை மைக்கில்தான் திரும்ப வாங்க முடியும் என்று அவளுக்குப் புரிந்தது. அன்று மாலையே டயர் கடை மாடியில் ஜெபக்கூட்டம் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் கைத்தடியை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

கைத்தடியோடு அவர் உள்ளே வந்தபோதே பாட்டு கொஞ்சம் தடுமாறியது. அல்லேலூயா அக்கா மைக்கை வாங்கினாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை.

"அவருக்குப் பார்வை வரலை. வந்ததா நான் சொன்னது பொய். ஆண்டவர் செய்யாததை அவர் செஞ்சதா சொன்னேன். இதைக் கேட்டு யாராவது மருந்தை நிறுத்தியிருந்தா, தயவுசெஞ்சு இன்னிக்கே போடுங்க."

கீழே காற்றடிக்கும் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெயிண்டர் தடியை ஊன்றி எழுந்தார். "சட்டை கலரைச் சொன்னது நான். குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச கதைதான். ஐயா அன்னிக்கு நீலச் சட்டை போட்டிருந்தா நம்ம எல்லாரும் தப்பிச்சிருப்போம்."

எங்கோ ஒருவர் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார். பின்வரிசையில் ஒரு கிழவர் "சபைக்கே அவமானம்" என்று எழுந்து போனார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். பேக்கரிக்காரி எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"என் புள்ள கண்ணோட விளையாடிட்டீங்களே. நீங்க நல்லா இருப்பீங்களா?" குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். அவள் அழுகை தெரு வரைக்கும் கேட்டது.

பாஸ்டர் மேடையின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் கேட்டிருக்கக் கூடாது அக்கா" என்றார். "கலர் கேக்குறதுக்கு நான் யாரு?" அன்று பிரசங்கம் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அல்லேலூயா அக்கா தரையில் விழுந்தாள். "ஆண்டவரே, என்கிட்ட ஒண்ணும் இல்ல. காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல. பொய்தான் இருந்துச்சு, அதையும் கொடுத்துட்டேன்." அவ்வளவுதான் ஜெபம். பிறகு வெறும் அழுகை. அந்தக் குழந்தைக்காக, அவருடைய கண்ணுக்காக, தன் வெட்கத்துக்காக அழுதாள்.

அந்த அழுகைக்கு அடியில் ஒன்று இருந்தது. கிணற்றில் விழுந்தவள் மூழ்கி மூழ்கிக் கடைசியில் காலில் தரை தட்டுப்பட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது என்று பின்னாளில் அவள் கத்தரியிடம் சொன்னாள். தண்ணீர் வடியவில்லை. மேலே யாரும் கயிறு போடவில்லை. ஆனால் நிற்க இடம் இருந்தது. இத்தனை நாள் யார் முகத்தைப் பார்க்கப் பயந்தாளோ, அவர் அந்த ஆழத்தில் அவளுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். சிலுவையில் தொங்கினவருக்கு அவமானம் புதிதா என்ன? கிடைத்ததற்காக வந்த சந்தோஷம் ஹால் கதவு வரைக்கும்தான் வந்தது. இது வேறு. இதற்குக் காரணம் காட்ட அவளிடம் எதுவும் இல்லை. அதனால் பிடுங்கிக்கொண்டு போகவும் எதுவும் இல்லை.

காலம் அதைப் பிடுங்கிப் பார்க்காமலும் இல்லை. பெயிண்டருக்கு மிச்சமிருந்த நிழலும் அந்த மழைக்காலத்தில் போனது. இருட்டு முழுதாக மூடிய அன்று அவர் குழந்தை மாதிரி அழுதார். அவளும் அழுதாள். தெருவில் சில பெண்கள் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். வேலையிலிருந்து வந்து விளக்கைப் போடாமலே சமைக்கும் நாட்கள் இருந்தன. அந்த நாட்களிலும் அடியில் அது இருந்தது. சில நாள் காலால் துழாவித்தான் தேட வேண்டியிருந்தது.

சபையில் கூட்டம் குறைந்தது. மிச்சமிருந்தவர்களில் ஒரு லாரி டிரைவர், சாட்சி நேரத்தில் மைக்கை வாங்கி, "என் பையன் இன்னும் குடிக்கிறான். நான் இன்னும் ஜெபிக்கிறேன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பேக்கரிக்காரி வெகு காலம் முகம் கொடுக்கவில்லை. மருந்தை அன்றே திரும்பத் தொடங்கியிருந்தாள். ஆனால் இடையில் விட்டதில் குட்டியின் இடது கண்ணில் கொஞ்சம் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். போனது வராது. அந்தச் செய்தியை அல்லேலூயா அக்காவிடம் யாரோ சொன்ன அன்று அவள் மடித்த பெட்ஷீட் எதுவும் நேராக வரவில்லை. கத்தரி ஒவ்வொன்றையும் பிரித்துத் திரும்ப மடித்தாள்.

பிறகு ஒரு மாலை கதவு தட்டப்பட்டது. பேக்கரிக்காரி உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள். பக்கத்தில் குட்டி, மூக்கின் மேல் பெரிய கண்ணாடி.

"உங்களை மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரலை" என்றாள்.

"சரிம்மா."

"மருந்து போட விடமாட்டேங்குறா. நான் ஒருத்தியா இவளைப் பிடிச்சுக்கிட்டுப் போட முடியலை. வேற யாரைக் கூப்பிடறதுன்னும் தெரியலை."

அல்லேலூயா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஆனால் குட்டி அவளைத் தாண்டி உள்ளே போய், பெயிண்டர் முன்னால் நின்றாள்.

"மாமா, உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"நீ கெட்டிக்காரி. என்னை மாட்டிவிடாம இருந்தியே."

"உங்களுக்கும் மருந்து எரிஞ்சுதா?"

"எனக்கு நேரத்தோட போடக் குடுத்துவைக்கலடி. அப்பவே எரிஞ்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்றார் அவர். "வா, என் மடியில படு. எவ்வளவு கத்தணுமோ கத்து. நானும் கூடக் கத்துறேன்."

அன்று அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். பேக்கரிக்காரி சொட்டு விட, அல்லேலூயா அக்கா அந்தச் சின்னத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் கண்ணீரும் மருந்தும் அவள் விரல்களில் வழிந்தன. அவளும் அழுதுகொண்டிருந்தாள். உள்ளே அந்தச் சந்தோஷம் அசையாமல் இருந்தது. மறுநாளும் அவர்கள் வந்தார்கள். இன்றும் வருகிறார்கள்.

இதைப் படித்த நீங்கள் ஒன்று செய்யுங்கள். கேட்டது கிடைக்காமல், அதனால் ஆண்டவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவர் ஒருவராவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விசுவாசம் என்று சொல்லி மருந்தை நிறுத்தியவரும் இருக்கலாம். நேரில் போய், பக்கத்தில் உட்கார்ந்து, அல்லேலூயா அக்காவின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.